லயத்துக்கும் ஒரு விழிப்பு மணி

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையிலே வழக்கமாகச் சமயமும் இலக்கியமும் பேசப்படும். அவற்றைப் பேசத் தகுந்த அறிஞர்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள். இருபது வயதைச் சற்றே கடந்த ஒரு பல்கலைக்கழக மாணவன் அவர்கள் முன்னிலையில் அவற்றைப் பற்றி வாய் திறப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதையாகும். ஆகவே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். காரியதரிசி அவர்கள் சிரித்துக்கொண்டே இசைந்தார். புகையையும், காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவையும் மோப்பம் பிடித்து, ஓலமிட்டு, உறங்குபவரை எழுப்பிவிடும் கருவி அது. நமது லயத்து வீடுகளிலே அதனைப் பொருத்த வேண்டும். அதைச் சூழ நாம் ஓர் ஒழுங்கையும் அமைக்க வேண்டும். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியதை 2023 ஆம் ஆண்டிலே நாம் நினைவு கூர்ந்தோம். இத்தனை காலத்திலும் தோட்டத்தில் ஒலிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. விடியுமுன் தப்பு முழங்கியது. பெரட்டுக் களத்துக்கு ஆள் எழும்பியது. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. மலையிலிருந்த கொழுந்து இறங்கியது. உழைப்பதற்கு நம்மை எழுப்ப ஒலி இருந்தது. உயிர் தப்புவதற்கு நம்மை எழுப்பும் ஒலி மட்டும் இருக்கவில்லை. இதனை நான் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. கண்ணெதிரே உள்ள நிலைமையைக் கூறுகிறேன்.

நமது மாவட்டத்திலேயே இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையிலே கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை கடதாசியில் இருந்தது; அன்று காலை லயத்தில் இருந்தவர்களின் காதில் விழவில்லை. எழும்பிப் போவதற்கு அவர்களுக்கு வேறிடமும் இருக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்த காரணத்தால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் மண்ணே இருந்தது. எச்சரிக்கை என்பது உரிய நேரத்தில் உரியவர் காதில் விழ வேண்டும். விழுந்தபின் போவதற்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத எச்சரிக்கையாற் பயனில்லை என்பதை மீரியாபெத்தை நமக்குக் கற்பித்தது. மலைச்சரிவைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் எரியும் நெருப்பு நம் கைக்கு எட்டியது. அதற்கேனும் முன்னேற்பாடு செய்யலாம் அன்றோ?

முதலில் நெருப்பையும் புகையையும் எடுத்துக்கொள்வோம்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் பல குடும்பங்களின் இருப்பிடம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்புமாக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டவை பல இன்றும் நிற்கின்றன. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிலே பின்பக்கத்தில் வாசலும் இல்லை, காற்றும் இல்லை. இடம் போதாமையால் இஸ்தோப்பை அடைத்து அடுப்படி ஆக்கியோர் பலர். அடுப்புக்கு மேலே பரண். பரண் நிறையக் கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு. மழைக்காலத்திலே ஈர விறகு காய்வதற்கு அதைவிட்டால் வேறிடம் ஏது? இப்போது எண்ணிப் பாருங்கள்: உள்ளே உறங்குபவர் வெளியேறுவதற்கு ஒரே வாசல், அந்த வாசலருகே அடுப்பு, அடுப்பின் தலைக்கு மேலே காய்ந்த விறகு. பரணில் தீப்பிடித்தால் முதலில் அடைபடுவது வாசல்தான். சில லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதுமில்லை. ஆதலால் ஒரு காம்பராவில் எழும் புகை அடுத்த காம்பராவுக்குப் போக அனுமதி கேட்பதில்லை.

அடுப்பு மாத்திரமே காரணமன்று. பழைய மின்கம்பியிலே ஒரு விளக்குக்காக வந்த இணைப்பில் இன்று தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, மின்னழுத்தி யாவும் தொங்குகின்றன. லயம் எரிந்த செய்தியைப் பத்திரிகையில் வாசிக்கும்போதெல்லாம் மின்னொழுக்கு என்ற சொல்லை நாம் காண்கிறோம். சாமி படத்துக்கு முன்னே ஏற்றிவைத்த விளக்கு, திரைச்சீலை, காற்று என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்தாலும் விபரீதமே. விளக்கேற்றுவது நம் பண்பாடு. விளக்கு எரியும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்குப் போவது நம் பண்பாட்டில் எங்கும் சொல்லப்படவில்லை.

தீவிபத்திலே மாள்பவர்களில் மிகப் பலர் சுடரால் எரிந்து மாள்வதில்லை. புகையை மூச்சிழுத்தே மாள்கிறார்கள். புகை வந்தால் நாற்றத்தில் விழித்துக்கொள்ள மாட்டோமா என்று பலர் கேட்கிறார்கள். உறங்குபவரின் கண்ணோடு மூக்கும் உறங்குகிறது என்பதே உண்மை. உறக்கத்திலும் ஓரளவு விழித்திருப்பது செவிதான். தாய் ஒருத்தி எந்த உறக்கத்திலும் குழந்தையின் அழுகுரலுக்குக் கண் விழிப்பதை நாம் அறிவோம். ஆகவேதான் புகையை ஒலியாக மாற்றும் ஒரு கருவி வேண்டியதாயிற்று.

இக்கருவி பிறந்த கதை சுவையானது. 1930களின் பிற்பகுதியிலே சுவிற்சர்லாந்தில் வால்ற்றர் யேகர் என்னும் பௌதிகவியலாளர் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அமைக்க முயன்றார். நச்சு வாயுவுக்கு அது அசையவில்லை. மனம் சோர்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அதன் புகைக்குக் கருவியின் முள் அசைந்தது. தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. பின்னர் 1960களிலே அமெரிக்காவில் டுவேன் பியர்சால் என்பார் பற்றறியால் இயங்கும் சிறு கருவியை உருவாக்கினார். அதன் பின்னரே அது சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது.

இன்று இருவகைக் கருவிகள் உண்டு. ஒன்றிலே அமெரிசியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் மிக நுண்ணிய அளவில் இருந்து, காற்றிலே மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. புகை நுழைந்தால் அந்த ஓட்டம் குன்றும், மணி அலறும். மற்றதிலே ஓர் ஒளிக்கதிர் உள்ளது. புகைத்துகள் அக்கதிரைச் சிதறச் செய்ததும் மணி அலறும். முதல்வகை சுவாலைவிட்டு எரியும் நெருப்பை விரைந்து அறியும். சமையற் புகைக்கும் அடிக்கடி கூச்சலிடும். இரண்டாவது வகை புகைந்து புகைந்து கனலும் நெருப்பை விரைந்து அறியும். சமையலுக்கு அவ்வளவு கலங்குவதில்லை. அடுப்பும் படுக்கையும் அண்டை அயலாக உள்ள நமது காம்பராக்களுக்கு இந்த இரண்டாவது வகையே ஏற்றது.

அடுத்து, இன்னும் கொடிய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெருப்பில்லாமற் புகையாது என்பது பழமொழி. ஆனால் புகையாமலே கொல்லும் நெருப்பும் உண்டு. கரி கனன்று செந்தணலாகிவிட்டால் புகை நின்றுவிடுகிறது. அப்பாடா, இனி ஆபத்தில்லை என்று அந்தத் தணற்சட்டியைக் குளிருக்காகப் படுக்கும் அறைக்குள் எடுத்துச் செல்கிறோம். கதவையும் சன்னலையும் அடைக்கிறோம். அப்போதுதான் காபனோரொட்சைட்டு தன் வேலையைத் தொடங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கண்ணையும் கரிக்காது. நமது குருதியிலே ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் என்னும் பொருள், ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வேட்கையுடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். கொழுந்துக் கூடைக்குள் கல்லை நிரப்பிவிட்டால் கொழுந்துக்கு இடமேது? நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கும், மூச்சு வந்துகொண்டிருக்கும், மூளைக்கு மட்டும் ஒட்சிசன் போய்ச் சேராது.

இதனை உலகுக்குத் தெளிவுபடுத்தியவர்களில் முதன்மையானவர் ஜோன் ஸ்கொற் ஹோல்டேன். தம் உடலையே பரிசோதனைச் சாலையாக்கி இவ்வாயுவை மூச்சிழுத்துப் பார்த்தவர் அவர். 1896 ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க வெடிப்பொன்றில் இறந்தோரை ஆராய்ந்து, அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பன்று, இந்த வாயுவே என்று காட்டினார். சிறு உயிர்கள் மனிதனுக்கு முந்தி இந்நஞ்சுக்கு மயங்கும் என்பதால் சுரங்கத்துக்குள் எலியையோ சிறு பறவையையோ கொண்டு செல்லுமாறு அவர் கூறினார். அவ்வாறே கனேரிக் குருவிகள் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரோடு பல்லாண்டுகள் இறங்கின. 1986 ஆம் ஆண்டிலே அக்குருவிகளை ஓய்வுபெறச் செய்து, அவற்றின் இடத்தில் மின்கருவிகளை வைக்க முடிவு செய்தார்கள். இன்று நான் பேசும் காபனோரொட்சைட்டுக் கருவி அந்தக் குருவியின் வாரிசு என்க. தொழிலாளியின் உயிருக்காக ஒரு குருவியைக் கூண்டில் சுமந்த காலம் ஒன்று இருந்தது என்பதை மறவாதீர்கள்.

மலைநாட்டவராகிய நமக்கு இது தூரத்துக் கதையன்று. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமிழ்நாட்டின் கொடைக்கானலுக்கு உல்லாசமாகச் சென்ற நண்பர்களுள் இருவர், இறைச்சி சுட்ட கரியடுப்பு இருந்த அறையிலே உறங்கி மறுநாள் எழும்பவேயில்லை. கொடைக்கானற் குளிர் வேறு, வெலிமடைக் குளிர் வேறா? அப்புத்தளையில் மார்கழி தையிலே பிள்ளை பெற்ற தாய்க்குத் தணற்சட்டி வைப்பது நாம் கண்டதுதான். தாயின் வயிற்றிலுள்ள சிசுவும் பிறந்த பிள்ளையும் முதியோரும் இருதய நோயாளரும் இந்நஞ்சினால் மற்றவரினும் கூடுதலாகப் பாதிக்கப்படுவர் என்பதை நமது மருத்துவச்சி மாரும் பாட்டிமாரும் அறிந்துகொள்ள வேண்டும். புகைந்த கொள்ளி புறத்தே என்பார்கள். நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: புகையாத கொள்ளியும் புறத்தேதான்.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நமது மாவட்டத்தைச் சிதைத்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. மின்சாரம் அறுந்துபோகும் அத்தகைய நாட்களிலே மின்பிறப்பாக்கிகளின் உறுமல் கேட்கும். மழைக்கு நனையும் என்று அதனை வீட்டுக்குள்ளோ இஸ்தோப்பிலோ வைத்து இயக்குவது கரிச்சட்டியை விடக் கொடியது. வாசலுக்கும் சன்னலுக்கும் இருபதடிக்குக் குறையாத தூரத்தில், வெளியிலேதான் அதனை இயக்க வேண்டும்.

இந்நஞ்சு ஏறுவதை அறிவது எப்படி? தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு என்பனவே அறிகுறிகள். காய்ச்சல் மட்டும் இராது. வீட்டிலுள்ளோர் பலருக்கு ஒரே வேளையில் தலை வலித்தால், வெளியே போனதும் குறைந்து வீட்டுக்குள் வந்ததும் கூடினால், சாப்பாட்டைச் சந்தேகிக்குமுன் அடுப்பைச் சந்தேகியுங்கள். உடனே எல்லாரும் வெளியேறுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். கரிப்புகை பட்டதாக வைத்தியருக்குச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இவ்வாயு குருதியை விட்டுப் பாதியளவு நீங்க நான்கைந்து மணித்தியாலம் செல்லும். தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் அது நீங்கும். காரணம் தெரிந்தால்தானே வைத்தியர் ஒட்சிசன் கொடுப்பார்?

இனி, பொருத்தும் முறைக்கு வருவோம். புகைக் கருவி வேறு, காபனோரொட்சைட்டுக் கருவி வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டையும் ஒன்றாக இணைத்த கருவிகளும் உண்டு. புகை மேலெழுவதால் புகைக்கருவியை உயரத்தில், படுக்கும் இடத்துக்கு அணித்தாகப் பொருத்துக. கூரையின் உச்சி மடிப்பிலே காற்று அசையாது தேங்கி நிற்பதால், உச்சியில் வையாது சற்றுக் கீழே வைக்க வேண்டும். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி வைப்பது நன்று. பத்தடிக் காம்பராவில் பத்தடிக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயமே. சுவருக்கு அப்பால் உள்ள உட்காம்பராவில் வைப்பதே நமக்குள்ள வழி. காபனோரொட்சைட்டு காற்றோடு காற்றாகக் கலந்து எங்கும் பரவுவது. ஆதலால் அதற்குரிய கருவியைப் படுக்கும் அறையிலே, தயாரித்தவர் குறித்துள்ள உயரத்தில் பொருத்துக. அமெரிக்கத் தரவிதியின்படி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 70 பங்கு இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கும் நான்கு மணித்தியாலத்துக்கும் இடையிலும், 400 பங்கு இருந்தால் நான்கு முதல் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் மணி ஒலிக்க வேண்டும்.

விறகடுப்புள்ள வீட்டிலே இக்கருவி அடிக்கடி ஒலிக்கக்கூடும். அப்போது, இது என்ன தொல்லை என்று பற்றறியைக் கழற்றி வானொலிப் பெட்டிக்குப் போட்டுவிடுவோம். நண்பர்களே, கருவி பொய் சொல்லவில்லை. நீங்கள் நாள்தோறும் மூச்சிழுப்பது நஞ்சு என்று அது கூறுகிறது. வீட்டடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எரிவாயு தட்டுப்பட்டு, 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் தாவியபோது, நகரத்தாரும் விறகைத் தேடி ஓடினர். தோட்டத்தில் விறகே அன்றும் இன்றும் துணை. ஆகையால் கருவியோடு நின்றுவிடாது, புகைபோக்கி வைத்த அடுப்பும் வேண்டும். கூரையோரம் காற்றுவழியும் வேண்டும். மணி என்பது நோயை அறிவிப்பது; மருந்தாகாது.

இதனை எனக்கு ஒரு சொல்லிலே விளங்க வைத்தவர் எங்கள் லயத்து மூதாட்டி ஒருவர். நான் அவருக்கு இக்கருவியைக் காட்டியபோது, “தம்பி, இது நெருப்ப அணைக்குமா?” என்று கேட்டார். “இல்லை அம்மாயி, உங்களை எழுப்பும்” என்றேன். “எழுப்பினா போதுமா? எனக்குக் காலு வரணுமே!” என்றார். அந்தக் கேள்விக்கு எந்த விஞ்ஞானப் புத்தகத்திலும் விடை இல்லை. அதற்கு விடை கூற வேண்டியது இச்சபையே.

சபையோர் மனத்தில் எழக்கூடிய ஆட்சேபங்கள் மூன்றை நான் அறிவேன். முதலாவது, விதி. எழுதியபடிதான் நடக்கும் என்பார்கள். நல்லது, ஆனால் அதே பெரியவர் இரவிலே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார். திருடனுக்குத் தாழ்ப்பாள் போடும் கை, தீக்கு மணி போடவும் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பணம். 2024 ஆம் ஆண்டிலே ஒரு நாட் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்படுவதற்குள் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை போராட்டம்! நல்ல கருவி ஒன்று பல நாட் சம்பளத்தை விழுங்கிவிடும். இதனை நான் மறுக்கவில்லை. ஆகவேதான் இதனை ஒவ்வொரு குடும்பத்தின் தனிச் சுமையாக விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபமே வலுவானது: வீடு யாருடையது? காணி அரசாங்கத்துடையது, 1992 ஆம் ஆண்டு முதல் நிருவாகம் கம்பனிகளுடையது, நம் பெயரில் உறுதி இல்லை. நமக்குச் சொந்தமில்லாத சுவரிலே நாம் ஏன் ஆணி அடிக்க வேண்டும் என்று இளைஞர் கேட்கிறார்கள். இங்கிலாந்திலே 2015 ஆம் ஆண்டு முதல், வாடகைக்கு விடும் வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகைக்கருவியையும், விறகோ கரியோ எரிக்கும் அறையிலே காபனோரொட்சைட்டுக் கருவியையும் பொருத்துவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்று சட்டம் உண்டு. 2022 ஆம் ஆண்டில் அது மேலும் விரிவாக்கப்பட்டது. நாம் கிள்ளிய கொழுந்தின் தேநீரை அருந்தும் நாட்டிலே இது சட்டம். அந்தக் கொழுந்தைக் கிள்ளுபவர் உறங்கும் காம்பராவிலும் இது கடமையாக வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கட்டும், நாமும் கேட்போம். புதிதாக எழும் தனிவீடுகளின் படத்திலேயே புகைபோக்கிக்கும் இக்கருவிக்கும் இடம் குறிக்கப்படட்டும். ஆனால் அதுவரை காத்திருப்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சுவர் கம்பனியுடையதாக இருக்கலாம். சுவருக்குள் உறங்கும் பிள்ளை நம்முடையது. உரிமையைக் கேட்கும் வாயும் ஆணி அடிக்கும் கையும் ஒரே காலத்தில் இயங்கலாம்.

ஆகவே, மன்றத்தின் முன் சில யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: அங்கத்தவர் தத்தம் தோட்டத்திலே கணக்கெடுக்க வேண்டும். எந்தக் காம்பராவிலே நடமாட முடியாத முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, கண்பார்வை அற்றவர் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும். முதற் கருவிகள் அவர்களுக்கே. எங்கள் அம்மாயியின் கேள்விக்கும் இங்கேயே விடை: ஒவ்வொரு முதியவருக்கும் அடுத்த காம்பரா இளைஞர் இருவர் காலாக இருக்க வேண்டும், யார் என்று முன்கூட்டியே பெயர் குறித்திருக்க வேண்டும்.

இரண்டு: கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகள் தீபாவளிக்குப் புத்தாடையோடு வருகிறார்கள். வெடி வாங்கும் பணத்திலே இவ்வருடம் ஒரு கருவியை வாங்கி வரட்டும். ஓசைக்கு ஓசையும் ஆயிற்று!

மூன்று: ஒவ்வொரு பூரணை தினமும் விடுமுறை. அன்று கருவியின் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை என்பதே தயாரிப்பாளரும் கூறும் கணக்கு. புகைக்கருவியைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும், மற்றதை அதன் மேல் குறித்த காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும்.

நான்கு: கருவியின் கீச்சொலி முதியோர் பலரின் செவிக்கு எட்டுவதில்லை, சிறுவரும் அதைக் கேட்டும் உறங்குவதுண்டு. தாழ்ந்த தொனியுள்ள ஒலியே அவர்களை நன்கு எழுப்பும். ஆதலால் ஒரு காம்பராவில் மணி கேட்டவுடன் அயலவர் தப்பை எடுத்து முழக்கட்டும். தப்பில்லாத லயத்திலே தகரத்தில் அடிக்கட்டும். பெரட்டுக்கு அழைத்த தப்பு இனி உயிர் காக்க அழைக்கட்டும். பகலிலே எல்லாரும் மலையில் நிற்கும்போது லயத்தில் இருப்போர் முதியோரும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளருமே. 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் திகதி கும்பகோணத்தில் பாடசாலைச் சமையற்கூடத்திலிருந்து ஓலைக்கூரைக்குத் தாவிய தீ 94 பிள்ளைகளைப் பலிகொண்டதும் பட்டப்பகலிலேதான். ஆகவே பகற் காவலுக்கும் முறை வகுக்க வேண்டும்.

ஐந்து: பயிற்சி. நான் கற்ற மிஷன் பாடசாலையிலே வருடத்திற் சில நாட்களில் மணி வேளை தப்பி நீண்டு ஒலிக்கும். நாங்கள் புத்தகத்தை வைத்துவிட்டு வரிசையாக மைதானத்தில் நிற்போம். ஆசிரியர் தலை எண்ணுவார். லயத்துக்கும் அத்தகைய ஒரு மைதானம் குறிக்கப்பட வேண்டும். தலை எண்ணுபவரும் குறிக்கப்பட வேண்டும். எண்ணிக்கை சரியாகும் வரை எவரும் தட்டுமுட்டுச் சாமானுக்காக உள்ளே ஓடலாகாது.

ஆறு: கடதாசிப் பை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிரசாவுரிமைப் பத்திரம், பாடசாலைச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பையிலிட்டு வாசலருகே மாட்டி வையுங்கள். பிரதிகளை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இந்தக் கடதாசிகளுக்காகக் காத்திருந்த சமூகம் நாம். ஒரு மணித்தியால நெருப்பிலே அவற்றை இழந்துவிடலாகாது.

சபையோர்களே, கருவி வாங்கக் காசு சேரும் வரை காசில்லாத காரியங்கள் சில உள்ளன. இன்றிரவே தணற்சட்டியை வாசலுக்கு வெளியே வையுங்கள். பரணில் உள்ள மிலாறைக் குறையுங்கள். படுக்குமுன் சாமி விளக்கைக் குளிரச் செய்யுங்கள். வாசற்படியை மறித்து எதையும் வையாதீர்கள். அடுத்த காம்பராவில் யார் தனியாக உறங்குகிறார் என்று கேட்டு வையுங்கள்.

இளைஞர்களாகிய எங்களிடம் பணமில்லை; ஏணியும் சுத்தியலும் பிடிக்கக் கைகள் உண்டு. பெரியோர்களாகிய உங்களிடம் தோட்டத்துரையிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் பேசும் செல்வாக்கு உண்டு. நீங்கள் பேசுங்கள், நாங்கள் பொருத்துகிறோம். அடுத்த ஆண்டு மலரிலே எத்தனை காம்பராக்களில் மணி பொருத்தப்பட்டது என்ற கணக்கைக் காரியதரிசி அவர்கள் அச்சிடுவாராயின், இன்று என் பேச்சைப் பொறுமையுடன் கேட்டிருந்த உங்கள் நேரம் வீணாகவில்லை என்று மகிழ்வேன்.